தவிர்க்க முடியாத காரணத்தால்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் அந்தப் பெண்ணுக்கு இங்கிலீஷில் எழுதத் தெரியும்; லீவு லெட்டர் மட்டும். இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தால்தான் அங்கே லீவு. பதினோரு வருஷத்தில் கை பழகிவிட்டது. சொந்த மகளுக்கும் அதிலேயே எழுத வேண்டிவரும் என்று எவள் கண்டாள்?

புருஷன் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து செத்தபோது மகளுக்கு மூன்று வயது. கடல் தாண்டிக் குடியேறியிருந்த நாத்தனார் வந்து தூக்கிக்கொண்டு போனாள். சோறு ஊட்டினாள், தமிழ் ஊட்டவில்லை. இப்போது நாத்தனாரும் போய்ச் சேர்ந்துவிட, பத்தொன்பது வயது மகளிடமிருந்து முதல் கடிதம், இங்கிலீஷில். ஆஸ்பத்திரி ஆபீஸில் இருக்கும் பெண் படித்துத் தமிழில் சொன்னாள்: "என்னை ஏன் கொடுத்தாய்? ஆள் வைத்து எழுதாதே. உன் கையால் எழுது. படித்துவிட்டுத்தான் உன்னைப் பார்க்க வருவதா வேண்டாமா என்று முடிவு செய்வேன்."

சாப்பாட்டு நேரத்தில் துணி மூட்டைமேல் உட்கார்ந்து எழுதினாள். பக்கத்து மேஜையில் துணி மடிப்பவள் எட்டிப் பார்த்தாள். பத்தாவது படித்தவள், கண்ணாடியின் தடிமனால் எல்லோருக்கும் அவள் சோடாபுட்டி.

"என்னடி, மகளுக்குப் போய் 'ரெஸ்பெக்டட் மேடம்'னு போட்டிருக்க? அவ என்ன உன் சூப்பர்வைசரா?"

"வேற எப்படிக்கா ஆரம்பிக்கறது?"

"டியர்னு போடு. அப்புறம் வாயால பேசற மாதிரியே எழுது. அவ்வளவுதான்."

"வாயால நான் எப்பக்கா இங்கிலீஷ் பேசினேன்? எழுதித்தான் பழக்கம். அதுவும் கெஞ்சி." கொஞ்சம் யோசித்தாள். "கண்ணுன்னு கூப்பிடணும்க்கா. அதுக்கு இங்கிலீஷ்ல என்ன?"

"அதை அப்படியே எழுதினா கண்வலின்னு லீவு கேக்கற மாதிரி இருக்கும்டி."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு நிற்காமலே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சொல்ல வேண்டியது இதுதான். புருஷன் செத்தபின் சித்தாளாகக் கல் சுமந்த காலத்தில் குழந்தையை மணல் குவியலோரம் இடுப்பில் கயிறு கட்டி விட்டுப் போனாள். ஒருநாள் பின்னோக்கி வந்த லாரியின் சக்கரம் குழந்தைக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. குழந்தையைக் கொடுப்பது அன்றைக்கு எடுத்த முடிவுதான். ஆனால் அவளிடம் இருந்த இங்கிலீஷில் காய்ச்சல் இருந்தது, பேதி இருந்தது, சாவு இருந்தது. அந்த ஒரு சாண் இல்லை.

"சொல்லு, நான் எழுதித் தரேன்."

"வேணாம்க்கா. என் கையாலன்னு சொல்லியிருக்கா."

நாலு நாள், ஆறு காகிதம். கடைசியில் இங்கிலீஷில் இப்படி வந்து நின்றது: "டியர் மகளே. நான் நலம். தவிர்க்க முடியாத காரணத்தால் உன்னை வைத்துக்கொள்ள இயலவில்லை. தயவுகூர்ந்து மன்னிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, கீழ்ப்படிதலுள்ள அம்மா."

சோடாபுட்டி இரண்டு தடவை படித்தாள். "நல்லா இல்லடி."

"தப்பு இருக்கா?"

"ஒண்ணுகூட இல்ல. அதான் நல்லா இல்ல."

வேறு எழுத வராததால் அதையே அனுப்பினாள்.

ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. ஆபீஸ் பெண் இழுத்து இழுத்துப் படித்தாள்: "உன் கையால் எழுதச் சொன்னேன். ஏதோ ஆபீஸில் எழுதி வாங்கி அனுப்பியிருக்கிறாய். நான் வரவில்லை. இனி எழுத வேண்டாம்."

"நான்தான் எழுதினேன்னு நீ ஒரு வரி எழுதிப் போடேம்மா" என்று அவளிடமே கேட்டாள் அம்மாக்காரி.

"நான் எழுதினா அதுவும் ஆபீஸ்ல எழுதினதுதானேக்கா?"

அம்மாக்காரி தலையாட்டினாள். மூன்றாவது வார்டு விரிப்புகள் ஈரத்தோடு வந்து குவிந்திருந்தன. இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றப் போனாள்.