ஓய்வுப் பட்டியலுக்கு வைத்த பெயர்

லியோனி வூகோவிச் அளவுகோலைத் தாளின்மேல் வைத்து வரிவரியாக இறக்கிக்கொண்டிருந்தாள். வரிக்கு ஒரு பெயர். எட்டு எழுத்துக்கு மேல் போகக் கூடாது; எண்ணில் தொடங்கக் கூடாது; நடுவில் கோடு கூடாது; எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்து. நியூகாசில் சரக்கு ரயில் அலுவலகத்தின் பழைய மெயின்ஃபிரேம் கம்ப்யூட்டர் அப்படித்தான் பெயரை ஏற்றுக்கொள்ளும். முப்பத்தொரு வருடமாக அதற்குள் போகும் பட்டியல்களுக்குப் பெயர் வைப்பவள் அவள்தான். இப்போது டிப்போக்கள் தங்கள் கம்ப்யூட்டர்களில் வைத்திருந்த பணி நேர, ஓய்வு நேரப் பட்டியல்கள் இருநூற்றுச் சொச்சம் இதற்கு மாற்றுவதற்காக மொத்தமாக வந்திருந்தன. காலையிலிருந்து அறுபதைத்தான் தாண்டியிருந்தாள். கழுத்து கடுத்தது.

சிட்னியிலிருந்து வந்திருந்த திட்ட மேலாளர் ஹேமிஷ் மேசையோரம் வந்து நின்றான்.

"இன்னும் அளவுகோலா? அதான் புரோகிராம் எழுதிக் குடுத்திருக்கோமே, லியோனி. கோட்டை எடுத்துடும், எல்லாத்தையும் பெரிய எழுத்தாக்கிடும். பத்து நிமிஷ வேலை."

"அதுலதான் எனக்குப் பயம். ஒரு டிப்போவுல சின்ன எழுத்துல பேர் வெச்சிருப்பாங்க, இன்னொண்ணுல அதையே பெரிய எழுத்துல. அவங்க கம்ப்யூட்டருக்கு அது ரெண்டு பேர். நம்ம பழைய மெஷினுக்கு ஒண்ணுதான். பின்னால வர்றது முன்னால இருந்ததை அழிச்சிட்டு அந்த இடத்துல உக்காந்துக்கும். ஒரு சத்தம் வராது."

"அப்படி எத்தனை இருந்துடப்போகுது?"

"பாத்தாத்தானே தெரியும். மூணு நாள் குடு."

"நாளைக்கு முடியும்னு மேல சொல்லியாச்சு. உங்க கவலையை எழுதி அனுப்புங்க, பாக்கறேன்."

அவள் எழுதி அனுப்பினாள். ஒரு நகலும் எடுத்து வைத்துக்கொண்டாள். பதில் வரவில்லை. மறுநாள் காலை ஹேமிஷ் பக்கத்தில் நிற்க, அவள் புரோகிராமை ஓட்டினாள். அந்தப் பட்டியல்களைத் தொட அவளுக்கு மட்டுமே அனுமதி இருந்தது. பிழை எதுவும் இல்லை என்று திரையில் வந்தது. ஹேமிஷ் அவள் தோளைத் தட்டிவிட்டுக் காப்பி வாங்கப் போனான்.

பதினோரு நாள் கழித்து, வெயில் சுள்ளென்று அடித்த ஒரு நண்பகலில், மெயிட்லாந்துக்கு அப்பால் ஒரு நிலக்கரி வண்டி சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனது. பாதையில் வேலை செய்துகொண்டிருந்த நான்கு பேர் சம்மட்டிகளைப் போட்டுவிட்டுச் சரிவில் உருண்டார்கள். யாருக்கும் அடி இல்லை. அதன் ஓட்டுநர், நெவ் டல்லக் என்பவன், கண்ணயர்ந்துவிட்டிருந்தான். இருபத்தாறு வருடத்தில் அதுதான் முதல் தடவை. அன்றே அவனை வண்டியிலிருந்து இறக்கினார்கள்.

மறுநாள் அவன் லியோனியின் மாடிக்கு ஏறி வந்தான். கண் இன்னும் சிவந்திருந்தது.

"டியூட்டிக்குக் கூப்பிட்டாங்க. வீட்டுக்கு வந்து ஏழு மணி நேரந்தான் ஆச்சுன்னேன். கம்ப்யூட்டர் சரின்னு காட்டுது, வாங்கன்னான். நிலக்கரி வண்டிக்குப் பதினோரு மணி நேரம் ஓய்வுதானே, லியோனி? இல்ல, நானா கனவு கண்டேனா?"

"உக்காரு. பாக்கறேன்."

RESTC என்ற பட்டியலைத் திறந்தாள். ஏழு என்று இருந்தது. டிப்போக்கள் அனுப்பிய மூலங்களைத் தேடினாள். நிலக்கரி ஓட்டுநர்களுக்கானது Rest-C என்ற பெயரில் வந்திருந்தது. அதில் பதினோரு மணி நேரம். வேறொரு டிப்போ, யார்டில் பெட்டி இணைப்பவர்களின் பட்டியலுக்கு restc என்று பெயர் வைத்திருந்தது, அதில் ஏழு. கோட்டை எடுத்து, எழுத்தைப் பெரிதாக்கியதும் இரண்டும் ஒன்றாகியிருந்தன. கடைசியாக மாற்றியவர் என்ற இடத்தில் LEONIEV என்று நின்றது.

அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள். அவன் அந்த இடத்தில் விரலை வைத்தான்.

"இது நீயா?"

"என் பேர்ல ஓடினது."

"முன்னாடியே சொன்னியா அவங்ககிட்ட?"

"எழுதியே குடுத்தேன்."

"அப்பச் சரி," என்றான் நெவ். ஆனால் உடனே எழுந்திருக்கவில்லை. தொப்பியை முழங்காலில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தான்.

விசாரணையில் லியோனி நகலைக் கொடுத்தாள். "பொதுவா ஒரு கவலையைச் சொன்னாங்க. எந்தப் பட்டியல்னு குறிப்பிடலையே," என்றான் ஹேமிஷ், மரியாதையாகவே. நகல் கோப்பின் அடிக்குப் போனது. அறிக்கை இரண்டு காரணங்களைச் சொன்னது: ஓட்டுநர் களைப்பைச் சொல்லிப் பணியை மறுக்கவில்லை; புரோகிராமை இயக்கியவர் பெயர் விதிகளைச் சரிபார்க்கவில்லை. லியோனியின் ஒப்பந்தம் ஜூனோடு முடியும் என்றார்கள். நெவ்வை வேலையை விட்டே நீக்கினார்கள்.

வெள்ளிக்கிழமை அவன் பொருள்களை ஒப்படைக்க வந்தபோது அவளும் கீழே இறங்கிப் போனாள். கவுன்ட்டரிலிருந்த பெண் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டாள். கைவிளக்கு. சாவிகள். ஆரஞ்சுச் சட்டை. விதிப் புத்தகம்.

"அந்தச் சாப்பாட்டுப் பெட்டியும்."

"அது எனக்குக் குடுத்தது. இருபத்தஞ்சு வருஷம் ஆனதுக்கு."

"கம்பெனி முத்திரை போட்டிருக்கே, நெவ். லிஸ்ட்லயும் இருக்கு. நான் என்ன பண்ணட்டும்?"

பழக்கத்தில் அன்றும் அவன் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்திருந்தான். மூடியைத் திறந்து ஃபிளாஸ்க்கை எடுத்து அக்குளில் இடுக்கினான். தாளில் சுற்றிய ரொட்டியை எடுத்தான். கீழே இரண்டு ஆரஞ்சுப் பழங்கள் மிச்சம் இருந்தன. அவற்றை எடுக்க அவனுக்குக் கை ஒழியவில்லை. லியோனி இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். அந்தப் பெண் காலிப் பெட்டியைத் துணியால் துடைத்து, பின்னாலிருந்த அலமாரியில் அதே மாதிரிப் பெட்டிகளின் வரிசையில் வைத்தாள்.