கம்பு நடும் முன்னே

அந்த மலை விடுதியின் சுமைகாரர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. டிசம்பர் முதல் வாரத்தில் வரும் நிக்கோலஸ் திருநாளன்று, பனி மூடினாலும் வழி தெரிவதற்காகப் பாதையோரம் உயரமான மரக்கம்புகளை நடுவார்கள். கம்பு நட்ட பிறகுதான் பனிச்சரிவுக் காலம். அதுவரை விழுவதெல்லாம் சும்மா வந்து போகிற பனி, அதற்குப் போய் யாராவது பயப்படுவார்களா என்பார்கள். இந்தக் கணக்கைப் பனியிடம் யார் போய்ச் சொன்னார்களோ, கடவுளுக்கே வெளிச்சம்.

கம்பு நட இன்னும் நான்கு வாரம் இருந்தபோது, ஒரு மதிய நேரம், ஸ்லாவ்கா அறுபது கிலோவை மரச்சட்டத்தில் கட்டி முதுகில் சுமந்து தாத்ரா மலையில் ஏறிக்கொண்டிருந்தாள். மறுநாள் ராத்திரி விடுதியில் மார்ட்டின் திருநாளின் வாத்து விருந்து. அவள் முதுகில் உரித்த வாத்துகளும் முட்டைக்கோசும். பின்னால் வந்த இக்னாட்ஸின் முதுகில் பீர் பீப்பாய். அவர் இருபத்திரண்டு வருடமாகச் சுமக்கிறவர். அவளுக்கு இது மூன்றாம் வருடம், அந்தக் கூட்டத்திலேயே ஒரே பெண்.

வடக்குப் பார்த்த ஓடைச் சரிவு வந்ததும் அவள் நின்றுவிட்டாள். மலை முழுக்கப் பழுத்த புல் தெரிந்தது. பனி கிடந்தது அந்த ஓடையில் மட்டும்தான். அக்டோபரில் விழுந்தது வெயில் படாமல் அங்கேயே தங்கிவிட்டது. அதன்மேல் இரண்டு நாளாகக் காற்று புதுப்பனியை வாரிக் கொட்டியிருந்தது. ஓரத்தில் ஒரு கால் வைத்துப் பார்த்தாள். அடியில் பொத்தென்று ஏதோ அமுங்கியது. காலடியிலிருந்து ஒரு விரிசல் பத்தடி தூரம் ஓடியது. குனிந்து தோண்டினால், மேலே பலகை மாதிரி இறுக்கம், கீழே சர்க்கரை மாதிரி உதிரி; ஆள் பாரம் ஏறினால் மேல்பலகை மொத்தமாக வழுக்கிவிடும். ஓடை முடிகிற இடத்தில் வெறும் பாறை.

"புல்லே இன்னும் மூடல. கம்பும் நடல. நட பொண்ணே," என்றார் இக்னாட்ஸ்.

"பனி இருக்கிற ஒரே எடத்துலதானேண்ணே நாம நடக்கப்போறோம்?"

ஒவ்வொருவராகப் போகலாம், சுமையைச் சட்டென்று உதற வசதியாகச் சட்டத்தின் வாரைத் தளர்த்திக்கொண்டு வேகமாகக் கடந்துவிடலாம் என்று அவர் சொல்லிப் பார்த்தார். சரிந்தால் ரெண்டு பேருக்குப் பதிலா ஒரு ஆள் சாவான், அவ்வளவுதானே என்று அவள் கேட்டாள். முகட்டு வழி இருக்கிறது, ஆனால் மூன்று மணி நேரம் கூடுதல்; நவம்பர் வெளிச்சம் அதற்குப் பத்தாது. திரும்பலாம் என்றாள்.

இக்னாட்ஸின் முகம் சுருங்கிப்போனது. சுமையைக் கீழே திருப்பிக் கொண்டுவருகிறவரை மற்றவர்கள் 'தபால்காரர்' என்று கூப்பிடுவார்கள், குளிர்காலம் பூராவும். இத்தனை வருடத்தில் அந்தப் பேர் அவருக்கு வந்ததில்லை. வழியை விடு, நான் போறேன் என்றார். அது ஒற்றையடிப் பாதை. சுமையோடு ஒருவரை ஒருவர் தாண்ட முடியாது. ஸ்லாவ்கா திரும்பி அவருக்கு நேராக நின்றுகொண்டாள். திட்டினார், கெஞ்சினார், மறுபடி திட்டினார். அவள் அசையவில்லை.

விடுதிக்காரர் வெந்தெலினுக்கு அவளே போன் போட்டாள். நாற்பது பேர் சாப்பிட வருகிறார்கள், நீ கீழே இறங்கினால் இந்தக் குளிர்காலத்துக்குச் சுமைகாரர் பட்டியலில் உன் பேரை அடித்துவிடுவேன் என்று அவர் கத்தினார். அந்த வேலையை விட்டால் அவளுக்கு வேறு வேலை கிடையாது. அது அவருக்கும் தெரியும்.

"அடிச்சுக்கோங்க. வாத்துக்காக நான் சாகமாட்டேன். இவரையும் சாக விடமாட்டேன்."

இறங்கினாள். வழி அடைபட்டதால் இக்னாட்ஸும் அவளுக்கு முன்னால் முனகிக்கொண்டே இறங்கினார்.

மறுநாள் விடியும்போது, அடிவாரத்துச் சுமைக் கிடங்கின் பெயர்ப் பலகையில் அவள் பேர்மேல் கோடு. முந்தின நாள் சாயங்காலமே நாலு இளவட்டங்கள் அந்த ஓடையைச் சீட்டியடித்தபடி கடந்து விடுதிக்குப் போய்ச் சேர்ந்தார்களாம். கிடங்கே சிரித்தது. தபால்காரி, எனக்குக் கடுதாசி இருக்கா என்று ஒருவன் கேட்டான். பேர் போனாலும் எடுத்த சுமை மேலே போய்ச் சேரணும் என்று ஸ்லாவ்கா யாரையும் பார்க்காமல் அதே வாத்துகளைச் சட்டத்தில் ஏற்றிக் கட்டினாள்.

இக்னாட்ஸ் பக்கத்தில் வந்து நின்றார். "பாத்தியா? ஒண்ணும் ஆகல."

அவள் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"ஒண்ணும் ஆகலன்னு சொல்ல நீ இருக்கியேண்ணே. எனக்கு அது போதும்."

பகல் முழுக்க மிச்சமிருந்தது. சட்டத்தைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு முகட்டு வழியில் நடந்தாள்.