மூன்று வருடத்துக்கு எழுதிக் கொடுங்கள்

1
இந்தக் கதையை நான் யோசிக்கவில்லை, அண்ணியிடமிருந்து சுட்டேன். ஏழு வருடமாகப் பம்புகளைப் பெட்டிக்குள் அடைத்தே அலுத்துப்போனவர் அவர். பெட்டிக்குள் போவதைத் தானே செய்யவேண்டும், அதற்கு இரும்பைக் கடையும் லேத் ஓட்டக் கற்கவேண்டும் என்று ஆசை. முப்பது வயது தாண்டினால் எந்தக் கம்பெனியும் அப்ரெண்டிஸாகச் சேர்க்காது. அண்ணி தாண்ட இன்னும் ஒன்பதே நாள்.

2
முதல் தொடக்கம்: 'சந்தை படுத்துவிட்டது. பட்டறையின் ஆறு லேத்தில் நான்கு தூங்கின...'

சும்மா கிடப்பதில் எனக்குக் கற்றுக்கொடுக்கலாமே என்று கதையில் அண்ணி கேட்டார். ஆர்டர் வரட்டும், பார்க்கலாம் என்று முதலாளி அனுப்பிவிட்டார்.

நான் விடுவேனா? ஒரே வரியில் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்தினேன். (அமைச்சர்களுக்கு இல்லாத வசதி.) 'ஆர்டர்கள் குவிந்தன...' இப்போது லேத்துக்கும் ஓய்வில்லை, சொல்லிக்கொடுக்க ஆளுமில்லை, கொஞ்சம் தணியட்டும் என்றார் முதலாளி.

3
(அவரை வில்லனாக்கப் பார்த்தேன். நடக்கவில்லை. மூன்று வருடப் பயிற்சி கொடுத்துத் தேற்றிய ஆளைப் பக்கத்துக் கம்பெனி கொத்திக்கொண்டு போன கதையைச் சொன்னபோது மனிதரின் முகம் வாடிவிட்டது. எனக்கே பாவமாகிவிட்டது.)

4
மூன்றாவது தொடக்கத்தில் வியாபாரத்தைச் சுமாராக்கினேன். மூன்று லேத் ஓடுகிறது, மூன்று சும்மா. இனி என்ன சாக்கு சொல்வார்?

முதலாளி அண்ணியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மூணு வருஷத்துக்கு வியாபாரம் இப்படியே இருக்கும்னு எழுதிக் கொடுங்க. நாளைக்கே சேர்த்துக்கிறேன்."

மூன்று வருடம் என்ன, அடுத்த வாரமே எனக்குத் தெரியாது. 'அப்போது அந்த

5
அந்த வரி பாதியில் அப்படியே நிற்கிறது. அண்ணி எல்லாவற்றையும் வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அமைச்சர் வரி நன்றாக இருக்கிறதாம். பிறகு காகிதங்களைத் தட்டி அடுக்கி என் கையில் கொடுத்தார்.

"மூணு தடவை வியாபாரத்தை மாத்துனீங்க தம்பி. ஒரு தடவையாவது என்னை லேத் முன்னாடி நிக்க வெச்சீங்களா?"

சுருக்கென்றது. இப்போதே எழுதிவிடுகிறேன் என்று பேனாவைத் தேடினேன். வேண்டாம் என்றார். காகிதத்தில் நின்று என்ன பயன், நாளை காலை நிஜமாகவே ஒரு கம்பெனிக்குப் போகிறாராம்; சட்டையைக்கூடத் தேய்த்து வைத்துவிட்டார்.

ஆகவே முடிவை நான் எழுதவில்லை. இதை வாசிப்பவர்களில் யாராவது லேத் பட்டறை வைத்திருந்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: சந்தை நிலவரம் எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. காலை எட்டு மணிக்கு உங்கள் வாசலில் வந்து நிற்பது என் அண்ணி. என்ன சொல்லப் போகிறீர்கள்?