ஓடெட்டின் நாற்காலி

கைப்பேசியை என் மேசைமேல் போட்டு, "பாரு வெர்னா, எப்படி இருக்கு?" என்றார் ஹார்லன். படத்தில் தோல் சோபா, இரண்டு சாய்வு நாற்காலிகள், எட்டுப் பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை. எல்லாம் எல்லை தாண்டி நியூ ஹாம்ப்ஷயரில் வாங்கியது. அங்கே விற்பனை வரி கிடையாது. ஆனால் எங்கள் மெய்ன் மாநிலத்துக்குள் கொண்டுவந்துவிட்டால் பயன்பாட்டு வரி என்று ஒன்றை நாமாகவே சொல்லிக் கட்ட வேண்டும். வருமான வரிப் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. பதினாறு வருடமாக ஹார்லனுக்கு அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுப்பது நான்தான்.

"வெளிமாநிலத்துல வாங்கினது எவ்வளவு?"

"சைபர்னு போடு."

"இப்பத்தானே படம் காட்டினீங்க?"

"நீ பாக்கலன்னு வெச்சுக்கோயேன்." பக்கத்திலிருந்த மனைவி ஓடெட்டின் தொடையில் தட்டிச் சிரித்தார். பச்சை வெங்காய வாடை மேசையைத் தாண்டி வந்தது. போன நவம்பரில் பள்ளிக் குழுக் கூட்டத்தில், ஊரிடம் பணமில்லை என்று பேசிப் பேசியே ஏரிக்கரைப் பிள்ளைகளின் பேருந்தை நிறுத்திய வாய் அது.

"தெரிஞ்சே பொய்ய எழுதி நான் கையெழுத்துப் போட முடியாது, ஹார்லன்."

"அடேயப்பா! கவர்னர் உனக்குப் பதக்கம் குத்தப்போறாராக்கும்?" தாள்களை வாரிக்கொண்டு எழுந்தார். "என் தம்பிங்க ரெண்டு பேரும் இனி வரிக் கணக்கைத் தூக்கிக்கிட்டு உன் பக்கம் வரமாட்டாங்க, பாத்துக்கோ."

மறுநாள் காலை ஓடெட் மட்டும் வந்தாள். நடந்தே வந்திருக்கிறாள், பூட்ஸ் முழுக்கப் பனிச்சேறு.

"ஒரு நாற்காலிக்கு மட்டும் வரி கட்ட முடியுமா வெர்னா?"

"ஒண்ணுக்கு மட்டுமா?"

"நான் உக்கார்றதுக்கு. தொள்ளாயிரம் டாலர். மிச்சத்துல அவர் உக்காரட்டும், உருளட்டும், எனக்கென்ன? தினம் அந்தச் சோபாவுல காலை நீட்டிக்கிட்டு, ஊர்ல யார் யார் ஏமாளின்னு போன்ல சொல்லிச் சிரிக்கிறாரு. கேட்டா தின்னது மேல வருது."

தனியாகக் கட்டவும் படிவம் உண்டு. ஐந்தரை சதவீதம் என்றால் நாற்பத்தொன்பது டாலர் ஐம்பது சென்ட். செக் கொடுத்தால் அவர் கண்ணில் பட்டுவிடும் என்றாள். எதிரே அஞ்சலகத்தில் மணியார்டர் எடுத்து, படிவத்தோடு வைத்து அனுப்பலாம் என்று சொல்லி எழுத ஆரம்பித்தேன்.

"நீ கட்டுறியா?" என்று கேட்டாள். குத்தல் ஒன்றும் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

பேனா நின்றது. என் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரமும் எல்லைக்கு அப்பால் வாங்கியதுதான். என் படிவத்திலும் அந்தக் கட்டத்தில் சைபர்தான். மறந்துபோய்விட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"இல்ல" என்றேன்.

முகத்தைத் திருப்பிக்கொண்டு கையுறைகளை மாட்டினாள். தாளை வாங்கிக்கொண்டு போனாள்.

ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். அஞ்சலகத்திலிருந்து வெளியே வந்து, வாசலில் இருந்த நீலத் தபால் பெட்டிக்குள் உறையைப் போட்டாள். இரண்டடி நடந்தாள். திரும்பி வந்து, மூடியை மறுபடி இழுத்துத் திறந்து, உறை உள்ளே விழுந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தாள்.