அவன் கட்டினால் ஒழுகாது

குழந்தை இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கடையில் விற்கிற எந்த டயப்பரும் அதன் இடுப்பில் நிற்கவில்லை. அதனால் மெல்லிய பருத்தித் துணியைச் சதுரமாக வெட்டி, மடித்துக் கட்டி, துவைத்துத் துவைத்து மறுபடி கட்டுவதென்று ஏற்பாடு. ஏற்பாட்டில் குற்றமில்லை. அவள் கட்டினால் ஒழுகும், புருஷன் கட்டினால் ஒழுகாது என்பதுதான் தொல்லை.

அவன் கண்ணாடிச் சாமான் கிடங்கில் பார்சல் போடுகிறவன். அங்கே அவனுக்குப் பெயரே பார்சல்தான். அவன் சுற்றிக் கொடுத்த கிண்ணம் லாரியில் எத்தனை குலுங்கினாலும் கீறல் இல்லாமல் போய்ச் சேரும். அந்தக் கையால் துணியை முக்கோணமாக மடித்து, தொப்புளில் காய்ந்துகொண்டிருந்த கொடிக்குக் கீழே ஒரு மடிப்பு இறக்கி, தொடை ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்து முடிச்சுப் போடுவான். குழந்தை கொட்டாவி விட்டுத் தூங்கிவிடும்.

அவளோ டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கிறவள். எத்தனையோ பேரின் நடுக்கத்தைப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அதட்டியே போக்கியவள். இங்கே அவளுக்கே கை நடுங்கியது. இறுக்கினால் வயிற்றில் தடம் விழுமோ, தளர்த்தினால் ஒழுகுமோ என்று இரண்டுக்கும் நடுவில் எதையோ கட்டுவாள். கொஞ்ச நேரத்தில் படுக்கை நனையும், குழந்தை வீறிடும். அவன் வந்து "கொடு" என்பான். அந்த ஒரு சொல்லைக் கேட்டாலே அவளுக்கு வயிறெரியும். பெற்றது யார்? தையல் இன்னும் இழுத்துக்கொண்டிருப்பது யாருக்கு? கட்டின புருஷன் மேலேயே பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே பொறாமைப்பட்டாள்.

பார்க்க வந்த அவனுடைய அக்கா வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினாள்.

"தம்பி கைக்குத்தான் பிள்ள அடங்குது. உன் கை அதுக்குப் பிடிக்கல போல."

"இருக்கட்டும் அண்ணி," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவன் துவைத்த துணிகள் காய்ந்ததும் மொரமொரவென்று இருக்கும். இதிலாவது அவனை ஜெயிக்கலாம் என்று அவளுக்குப் பட்டது. மறுநாள் அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து, டயப்பர் துணிகளைக் கடைசியாக அலசும் தண்ணீரில், போர்வைகளுக்கு ஊற்றுகிற வாசனை லிக்விடைத் தாராளமாக ஊற்றினாள். காய்ந்த துணி பூனைக்குட்டி மாதிரி மெத்தென்றிருந்தது. யார் வேலை என்று அவனே கேட்கட்டும் எனக் காத்திருந்தாள்.

அவன் கவனிக்கவே இல்லை. சாயங்காலம் கிடங்கு ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் எதிரில் பெருமையாகத் துணியைக் கட்டி, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டான். பேண்ட் தொப்பலாக நனைந்தது.

"என்ன பார்சல், சரக்கு லீக் ஆவுது?" என்றார் ஒருவர்.

அவள் சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிள்ளை பிறந்த பிறகு இப்படி வயிறு குலுங்கச் சிரித்தது இதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு அவன் கட்டியதெல்லாம் ஒழுகியது. இறுக்கிக் கட்டிப் பார்த்தான், குழந்தையின் இடுப்பில் சிவப்பாகத் தடம் விழுந்தது. அதைத் தடவிக்கொண்டே, "என் கை சரியில்ல. இனிமே நீயே கட்டு," என்றான்.

அவள் கட்டியதும் ஒழுகத்தான் செய்தது. ஒரு நாள் குழந்தையைத் துடைக்கும்போது அவள் விரலிலிருந்து தண்ணீர் ஒரு துணிமேல் சொட்டியது. சொட்டு உள்ளே இறங்காமல் முத்தாக உருண்டு ஓடியது. அவளுக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. துணிகளைக் கொதிக்கும் நீரில் போட்டு, வாசனையும் வழவழப்பும் போகும்வரை அலசினாள். மறுபடி அவள் கட்டியபோது ஒழுகவில்லை. பொறாமையில் அவன் கையையே வெறித்துக்கொண்டிருந்ததில் அந்த மடிப்பு அவளுக்கும் வந்திருந்தது.

"என்ன இருந்தாலும் பெத்தவ கை," என்றாள் அக்கா அடுத்த தடவை வந்தபோது. அவளுக்கு உச்சி குளிர்ந்தது.

அக்கா போன பிறகு அவன் கதவோரம் வந்து நின்றான்.

"ஒரே ஒரு தடவ நான் கட்டிப் பார்க்கட்டுமா? ஒழுகினா நீ மாத்திடு."

மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். விரல்கள் துணியின் ஓரத்தைத் தேடித் தடவின. அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"உங்க கை இல்லங்க. அலசுற தண்ணியில நான்தான் வாசன லிக்விட ஊத்தினேன். மெத்துனு இருக்கட்டும்னுதான் ஊத்தினேன். அதுல துணி ஈரத்த இழுக்காமப் போச்சு. தெரிஞ்ச பிறகும் சொல்லல."

"ஏன் சொல்லல?"

"எல்லாரும் உங்களையே மெச்சினாங்க. என்னால தாங்க முடியல."

அவன் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ என் கை நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

அதற்கப்புறம்தான் அவனுக்குக் கோபம் வந்தது. அன்று முழுக்க அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, கிடங்கில் யார் எதை உடைத்தார்கள், யார் தலையில் பழியைப் போட்டார்கள் என்று அதனிடம் ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தான். தன்னிடம் இவன் ஒரு நாளும் இத்தனை பேசியதில்லையே என்று, அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு மறுபடியும் வயிறெரிந்தது.