நிவேஸ் கட்டிய கம்பி

பந்தயத் தடத்தில் வண்டிகளைச் சோதனை செய்பவர் மண்டியிட்டு எங்கள் மோட்டார் சைக்கிளின் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு எழுந்து, முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே என்னிடம் கேட்டார்.

“ஆயில் வடிக்கிற ட்ரெயின் போல்ட்டுக்குக் கம்பி கட்டினது எந்த மெக்கானிக்?”

“என்னைக் கேட்டு என்ன பிரயோஜனம் சார். நான் ஃபாயென்ஸாவுல டவுன் பஸ் ஓட்டுறவன். ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிக்கணும்னுகூடத் தெரியாது. என் மனைவியோட வண்டி, அவளையே கேளுங்க.”

நிவேஸ் கையுறைப் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தாள். “நான்தான் கட்டினேன்” என்றாள், தலையை உயர்த்தாமலே.

அவர் இன்னொரு முறை குனிந்து பார்த்தார். இந்த முறை அதிக நேரம் எடுத்துக்கொண்டார். தடத்தில் ஓட அனுமதிக்கும் பச்சை ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். சுற்றி நின்றவர்கள் எல்லாரையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும் போலிருந்தது எனக்கு. பார்த்தேன். பாதிப் பேர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குக் காரணம் இருந்தது. போன செப்டம்பரில், இதே தடத்தில், நான்காவது வளைவில் நிவேஸ் விழுந்தாள். முந்தின நாள்தான் ஒரு பட்டறையில் ஆயில் மாற்றியிருந்தோம். அங்கே அந்த ட்ரெயின் போல்ட்டைச் சரியாக முறுக்கவில்லை. அது அதிர்ந்து அதிர்ந்து கழன்று, சூடான ஆயில் அவளுடைய பின்சக்கரத்தில் கொட்டியது. அவளுக்குச் சிராய்ப்போடு போயிற்று. பின்னால் வந்த ஒரெஸ்தே அந்த ஆயிலில் வழுக்கித் தடுப்பில் மோதினார். கழுத்தெலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. அவர் தபால்காரர். நான்கு மாதம் பை தூக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். பட்டறையில் நடந்ததை நிவேஸ் சொன்னாள். ஒரெஸ்தே கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“பட்டறை அவங்களோடது, சரி. வண்டி யாரோடது?” என்றார்.

காரில் திரும்பும்போது, இனி வண்டியை விற்றுவிடுவாள் என்று நினைத்தேன். விற்றால் நல்லது என்றும் நினைத்தேன், பொய் சொல்வானேன். மறுநாள் வேலையிலிருந்து வந்து பார்த்தால், வீட்டுக் கராஜில் துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் வண்டி உரித்த கோழி மாதிரி நின்றது. கழற்றிய ஒவ்வொரு போல்ட்டும் முட்டை அட்டையில், குழிக்கு ஒன்றாக, கீழே எண் எழுதி.

நிவேஸ் பல்செட் செய்கிறவள். இருபத்தாறு வருடமாக ஊர்க்காரர்களின் வாய்க்குள் இருப்பதெல்லாம் அவள் கைவேலை. அரை மில்லிமீட்டர் பிசகினால் ஒருவரால் ரொட்டி மெல்ல முடியாது என்று தெரிந்த கை. அந்தக் குளிர்காலம் முழுக்க அந்தக் கையை வண்டியில் வைத்தாள். எஞ்சினின் வலப்பக்க மூடி தாரில் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. புது மூடி போட்டு, அதற்கு மேல் இன்னொரு தடித்த கவசமும் மாட்டினாள். விழுந்தால் வண்டியின் உடம்புக்கு முன்னால் தரையைத் தொடுவதற்காக இரு பக்கமும் நைலான் உருளைகள் வைத்தாள். பிரேக் பிடியை வேறு வண்டி உரசி அமுக்கிவிடாதபடி அதன் முன்னால் ஒரு வளைந்த தடுப்பு. ஆயில் மாற்றும்போதெல்லாம் போல்ட்டுக்குப் புதுச் செம்பு வாஷர். எந்த போல்ட்டையும் கை உத்தேசத்தில் முறுக்கவில்லை, அளவு காட்டும் ஸ்பேனரால் மட்டுமே முறுக்கினாள். முறுக்கி முடித்ததும் போல்ட்டின் தலையிலிருந்து அது உட்கார்ந்த இடம் வரை வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு. கோடு விலகினால் போல்ட் அசைந்துவிட்டது என்று அர்த்தம்.

அந்த ட்ரெயின் போல்ட்டின் தலையில் கம்பி நுழையத் துளை போட வேண்டியிருந்தது. மூன்று டிரில் முனைகள் உடைந்தன. நான்காவதை அவள் வாங்கவில்லை. போல்ட்டைச் சட்டைப்பையில் போட்டு வேலைக்கு எடுத்துப் போனாள். மாலையில் அதை என் உள்ளங்கையில் வைத்தாள். ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை, கண்ணாடி மாதிரி.

“உலோகப் பல்லைக் குடையற முனை” என்றாள். “பாவம், அதுக்கு இப்பதான் ஒரு நல்ல வேலை கிடைச்சது.”

செப்டம்பருக்குப் பிறகு அவள் செய்த முதல் ஜோக் அது.

இது ஏப்ரல், இந்த வருடத்தின் முதல் ஓட்டம். ஸ்டிக்கர் ஒட்டிய கொஞ்ச நேரத்தில் ஒரெஸ்தே வந்தார். இடது தோள் சற்று இறங்கியிருந்தது. வணக்கம்கூடச் சொல்லவில்லை. தோல் உடுப்போடு அப்படியே தரையில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் தலையை விட்டார். விரலால் கம்பியைச் சுண்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

“எதுக்கு இந்தப் பக்கமா இழுத்திருக்கீங்க?” உள்ளேயிருந்து குரல் வந்தது.

“போல்ட் கழலப் பார்த்தா கம்பி அதை இறுக்கற பக்கமாத்தான் இழுக்கும். எதிர்ப்பக்கமாக் கட்டினா வெறும் அலங்காரம்.”

“ஆயில் ஊத்துற மூடி?”

“அதுக்கும் கட்டியிருக்கேன். பக்கவாட்டுப் பிளாஸ்டிக் தகட்டைக் கழட்டிக் காட்டறேன்.”

அவள் சிவப்புத் தகட்டைக் கழற்றித் திருப்பி வைத்தாள். வெளியே பெயின்ட் பளபளத்தது. உட்புறம், விரிசல் விட்ட இடமெல்லாம், வெளிர் ரோஜா நிறத்தில் தழும்பு ஓடியது. ஒரெஸ்தே எழுந்து உட்கார்ந்து அதை உற்றுப் பார்த்தார்.

“இது என்னது?”

“பல்செட் செய்யற மாவு. பிளாஸ்டிக்கை நல்லாப் பிடிக்கும்.”

“அப்ப இது ஈறு.”

“ஆமா. பல்லு மட்டும் வைக்கலை.”

அவர் வாயின் ஓரம் லேசாக அசைந்தது. சிரிப்பா வலியா என்று என்னால் சொல்ல முடியவில்லை. எழுந்து, மூடியின் கம்பியையும் தொட்டுப் பார்த்துவிட்டு, தன் மஞ்சள் வண்டியை நோக்கிப் போனார். நிவேஸ் தகட்டை மறுபடி மாட்டினாள். ஆறு திருகு. ஒரு திருகைக்கூட அவசரப்பட்டு முறுக்கவில்லை.

பத்தரைக்கு நிவேஸ் ஓடும் பிரிவைக் கூப்பிட்டார்கள். அவள் தடத்தின் வாசலில் மூன்றாவதாக நின்றாள். நான் சுவர் ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்தவர் அவள் வண்டியைப் பார்த்துவிட்டுக் காலை ஊன்றி நின்றுகொண்டார். அவருக்குப் பின்னால் வந்தவரிடம், நீங்க போங்க என்று கையைக் காட்டினார். அந்த ஆளும் தலையசைத்து மறுத்தார். மூன்று வண்டி நிற்கும் அளவுக்கு அவளுக்குப் பின்னால் வெறும் தார் கிடந்தது. நிவேஸ் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியின் பக்கக் கண்ணாடிகளைத்தான் தடத்துக்காகக் கழற்றியாகிவிட்டதே. ஆனாலும் அவளுக்குத் தெரியும். முதுகைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்தது.

வரிசையின் கடைசியிலிருந்து ஒரு மஞ்சள் வண்டி விலகி, எல்லாரையும் தாண்டி மெதுவாக முன்னால் வந்தது. ஒரெஸ்தே. அந்த வெற்றிடத்துக்குள் நுழைந்து, தன் முன்சக்கரம் அவளுடைய பின்சக்கரத்தை ஒட்டி ஒரு சாண் தூரத்தில் நிற்கும்படி நிறுத்தினார். இடது தோளை ஒருமுறை சுழற்றிவிட்டு, ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கினார்.

பச்சைக்கொடி காட்டினார்கள். முதல் சுற்றில் இரண்டு பேரும் அதே இடைவெளியில் நான்காவது வளைவில் சாய்ந்தார்கள், முன்னால் சிவப்பு, பின்னால் மஞ்சள். அவர்கள் கடந்து போன பிறகும் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தார் உலர்ந்து, வெயிலில் சாம்பல் நிறமாகக் கிடந்தது.