மலைப்பக்கத்துக் கண்

காலை ரயில் கடந்து போனதும் மேஸ்திரி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த துண்டை முகர்ந்து பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. யாரோ ஜன்னல் வழியாக வாய் கொப்பளித்திருந்தார்கள்.

“பல்லு வெளக்கிட்டுத்தான் துப்பியிருக்காங்க மேஸ்திரி. நல்ல குடும்பம்” என்றான், பாதை பராமரிக்கும் அந்தக் கூட்டத்தில் வாயாடி என்று பேரெடுத்தவன்.

எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரிக்குக் குமட்டியது.

அந்தப் பாதைக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை. பயணிகள் கடல் பக்கத்து இருக்கைக்கு அடித்துக்கொள்வார்கள். ஆனால் எச்சில் பொட்டலத்தைக் கடல் பக்கம் வீசினால் காற்று அதைத் திருப்பி முகத்திலேயே அறையும். அதனால் எழுந்து போய் எதிர் ஜன்னலில் வீசிவிட்டு வந்து, மறுபடி கடலை ரசிப்பார்கள். ரயிலில் சமைப்பவர்களும் கழிவை மூட்டை கட்டி அந்தப் பக்கமே உதைத்துத் தள்ளினார்கள். ஊசிப்போன சோறு, குழந்தை கழித்த டயப்பர், வாந்திப் பை. பாட்டிலில் மஞ்சளாக இருப்பது குளிர்பானம் இல்லை என்பதைப் புதிதாக வேலைக்கு வருகிறவன் ஒருமுறை திறந்து பார்த்துத் தெரிந்துகொள்வான்.

பாதை போட்டு நூறு வருஷம் ஆகியிருந்தது. மறுநாள் காலை பெரிய அதிகாரி தனி ரயிலில் வருவதாக ஏற்பாடு. அதற்காகத்தான் இன்ஜினியர் காலையிலேயே வந்து நின்றார்.

“கடல் பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கணும் மேஸ்திரி. ஐயா அந்தப் பக்கம்தான் உக்காருவாரு.”

“மலைப்பக்கம் சார்?”

“அது பின்பக்கம்யா. பின்பக்கத்த யாரு பாக்கப்போறா?”

“அள்ளுற குப்பைய எங்க சார் கொட்டறது? லாரி கேட்டிருந்தோமே.”

“லாரி ஸ்டேஷனுக்குப் பூந்தொட்டி ஏத்தப் போயிருக்கு. ரெண்டு பக்கத்துக் குப்பையையும் அந்தக் கண்ணுக்குள்ள தள்ளிடு. வெளிய தெரியாது.”

கண் என்பது தண்டவாளத்துக்கு அடியில், மலைத்தண்ணீர் கடலுக்குப் போகக் கட்டிய கல் வளைவு. பாதை போட்டவர்கள் ரயிலுக்கு வழி போடும் முன்பே தண்ணீருக்கு வழி விட்டிருந்தார்கள். அந்த இடத்தில் ஒரு லெவல் கிராசிங். கேட்கீப்பர் மேஸ்திரியின் அக்கா. தண்டவாளக் கரைக்குக் கீழே மலைப்பக்கத்துப் பள்ளத்தில் அவள் வீடு. உள்ளே அவள் கணவர், பக்கவாதத்தில் கையும் காலும் பேச்சும் விழுந்து படுத்த படுக்கையாகக் கிடந்தார்.

“மழைக்காலம் சார்” என்றார் மேஸ்திரி.

“ஒரு நாள் கூத்துய்யா. நீ ஒருத்தன் குறுக்க நிக்காத.”

மேஸ்திரி அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார். கடல் பக்கத்துக் குப்பை, மலைப்பக்கத்துக் குப்பை, ஜல்லியில் காய்ந்து கிடந்த கக்கூஸ் கழிவு, எல்லாம் கண்ணுக்குள் போயின. கடைசி மூட்டை உள்ளே போக மறுத்தது. அதைக் காலால் மிதித்துத் திணித்தார்கள்.

அக்கா கேட்டருகில் இடுப்பில் கை வைத்து நின்றாள். “டேய், என்னடா பண்றீங்க?”

“நாளைக்கு மட்டும்தான்க்கா. மறுநாளே எடுத்துடுவோம்.”

“ஒரு நாள் வந்துட்டுப் போறவனுக்காக, தினம் இங்க கெடக்கறவ மூக்கப் பொத்திக்கணுமா? நானாவது பொத்திக்குவேன். உன் மாமாவுக்குப் பொத்திக்கக் கையும் வராதே.”

“கோவப்படாத. மேலிடத்து உத்தரவு.”

“மேலிடத்துல இருந்து எங்களுக்கு வர்றதெல்லாம் இதுதான்” என்று சொல்லிவிட்டு அவள் கேட்டைத் திறக்கப் போனாள்.

மாலைக்குள் கடல் பக்கம் முழுக்கக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். வெள்ளை வெளேரென்று ஒரு பொய் நீளமாகப் படுத்திருந்தது.

விடியும்போது மழை பிடித்தது. கொஞ்ச நேரத்தில் மலை மொத்தமும் இறங்கி வருவதுபோலத் தண்ணீர் வந்தது. மேஸ்திரி ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஓடினார்.

அக்கா கொட்டும் மழையில் தண்டவாளத்தருகே சிவப்புக் கொடியைப் பிடித்து நின்றாள். தண்ணீர் ஜல்லியைத் தொட்டுவிட்டது. தூரத்தில் தனி ரயிலின் விளக்கு தெரிந்தது.

“மாமாவப் பாருடா!” என்று கத்தினாள். “வண்டி வருது. நான் எடத்த விட்டு நகர முடியாது. பாருடா!”

மேஸ்திரி பள்ளத்தில் இறங்கினார். இடுப்பளவுத் தண்ணீர். தண்ணீர் என்று சொல்லத்தான் முடியுமா? கதவைத் தள்ளியதும் அவர் திணித்ததெல்லாம் அவரை எதிர்கொண்டு வந்தன. டயப்பர்கள் ஊதிப் பெருத்து மிதந்தன. படுக்கை நனைந்து, மாமாவின் காதுமடல் வரை சாக்கடை ஏறியிருந்தது. கன்னத்தை ஒட்டி ஒரு வாந்திப் பை மோதி மோதி விலகியது. அவர் கண்களை அகல விரித்து, வாயை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். உயிரைக் காக்க அவரால் செய்ய முடிந்த ஒரே வேலை அதுதான்.

மேஸ்திரி அவரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கரையேறினார். கேட் அறையில் கிடத்திவிட்டு வெளியே வந்து குடல் வெளியே வரும்படி வாந்தி எடுத்தார்.

தனி ரயில் கேட்டுக்கு முன்னால் நின்றது. அதிலிருந்து இன்ஜினியர் குடையோடு குதித்து ஓடி வந்தார். அதற்குள் மேஸ்திரியின் ஆட்கள் கண்ணருகே இறங்கி, கொக்கியால் மூட்டைகளை இழுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

“நிறுத்துய்யா! இப்ப கண்ணத் திறந்தா எல்லாம் அந்தப் பக்கம் பீறிட்டு வரும். ஐயாவோட ஜன்னலுக்கு நேரா வரும்யா!”

“வரட்டும் சார்.”

“வண்டிய மெதுவா ஓட்டிடலாம். அப்புறம் திற.”

“தண்டவாளத்துக்கு அடியில மண்ணு கரையுது. எதுக்கு மேல ஓட்டுவீங்க?”

“உன் வேலை போயிடும், யோசிச்சுக்க.”

மேஸ்திரி கொக்கியை எறிந்துவிட்டு இரண்டு கைகளையும் உள்ளே விட்டார். கொழகொழவென்று ஏதோ முழங்கை வரை ஏறியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு பிடித்து இழுத்தார். அடைப்பு அசைந்தது. பிறகு தானாகவே உடைந்தது.

கரையில் எடுத்துப் போட்டது போக மிச்சமெல்லாம் கடல் பக்கத்தில் பீய்ச்சி அடித்தது. வெள்ளைக் கற்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ரயிலில், கடல் பக்கத்து ஜன்னலில், ஒரு கைக்குட்டை மூக்குக்குப் போனது. ஜன்னல் கண்ணாடி சரசரவென்று கீழே இறங்கி மூடிக்கொண்டது. அதற்கு மேல் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

பள்ளத்தில் தண்ணீர் வடிந்தது. இன்ஜினியர் தலையில் கை வைத்து நின்றார். “என் மானத்த வாங்கிட்டியேய்யா.”

மேஸ்திரி கையைக் கழுவக்கூட இல்லை. நாற்றத்தோடு அவர் முன்னால் போய் நின்றார்.

“லாரிய அனுப்புங்க சார். கடலோரத்துல கெடக்கறது வரைக்கும் அள்ளாம நாங்க இங்கிருந்து போகமாட்டோம். நீங்க சொன்னீங்க, நான் தள்ளினேன். ரயில்ல வர்றவன் தள்ளினான். யாருமே சுத்தம் பண்ணல. எதிர்த்துக் கேக்க முடியாதவன் வீடு எதுன்னு பாத்து அங்க கொண்டுபோய்க் கொட்டினோம். நம்ம அழுக்க இல்லாம ஆக்கறதுக்குப் பேருதான் சார் சுத்தம். அடுத்தவன் வாசலுக்குத் தள்ளிவிட்டுட்டு, நம்ம பக்கம் வெள்ளையடிச்சா, அந்த வெள்ளைதான் இருக்கறதுலயே பெரிய அசிங்கம்.”

இன்ஜினியர் லாரிக்குப் போன் போடக் கையைச் சட்டைப் பைக்குள் விட்டார்.

கேட் அறை வாசலில் அக்கா உட்கார்ந்திருந்தாள். கணவரின் தலையை மடியில் வைத்து, காதுக்குள் புகுந்த கசடைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். தம்பி பேசியதை எல்லாம் கேட்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

“நல்லாத்தான் பேசற” என்றாள். “நேத்து பேசியிருக்கணும்.”